கயத்தாற்றிலிருந்து தன்னந்தனியாக

உக்காருங்க அண்ணாச்சி, எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். டயரு பஞ்சர், ஜாக்கி டெப்போவுல கிடக்காம். பின்னால வார பஸ்ஸை மறிச்சு வாங்கணுமாம். நீங்க அந்த நிழல்ல இருங்க. நான் நிக்கேன். எனக்கு உக்காந்தா ஒரு மாதிரி இருக்கும்.

அந்தா, உடைமரத்துக்கு அங்கிட்டு நீளமா ஒரு பொட்டல் தெரியுதுல்லா? குளம் இல்ல. எல்லாரும் தண்ணி வத்துன குளம்னுதான் நினைப்பாங்க. அது விமானம் இறங்குத தளம். சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போனது. இப்பம் ஆடு மேயுது. பதிமூணு வருஷத்துக்கு முன்னால அதுலேருந்து ஒரு பொம்பளை விமானத்தைக் கிளப்பினா. சூரியன் உதிக்கையில இந்தக் கயத்தாத்துலேருந்து பொறப்பட்டு, அன்னைக்கே சூரியன் விழுததுக்குள்ள டெல்லியில போய் இறங்கினா. ஆவுடையம்மாள்னு பேரு. கேள்விப்பட்டிருப்பீங்க.

ஆங். 'அந்த ஏமாத்துக்காரியா'ன்னு கேக்கீங்க. பரவாயில்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்காங்க.

அவ என் சம்சாரம்.

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, நீங்க தப்பா ஒண்ணும் சொல்லலை. எனக்கு வருத்தம் கிடையாது. குத்தாலிங்கம்னு சொன்னா திருநெல்வேலி ஜங்ஷன்ல அந்தக் காலத்துல தெரியாத ஆளு கிடையாது. மதுரைப் பத்திரிகை ஒண்ணுக்கு நிருபரா இருந்தேன். பேரு வேண்டாம், இப்பம் மூடிட்டாங்க. எதுக்குச் சொல்லுதேன்னா, அவளை அவளாக்கினது நான்தான். பெருமைக்குச் சொல்லலை. நடந்தது அதுதான்.

அவ அம்பாசமுத்திரத்துக்காரி. அப்பா சங்கரபாண்டியம் பிள்ளைக்கு ரைஸ் மில். அந்த மனுசனுக்கு எஞ்சின்னா உசுரு. மகளையும் பக்கத்துல உக்காத்தி வச்சு, பிஸ்டன் எது, வால்வு எதுன்னு சொல்லிக் கொடுத்து வளத்துருக்காரு. பொம்பளைப் பிள்ளை கையெல்லாம் கிரீஸ். படிக்க மெட்ராசுக்கு அனுப்பினாரு. அவ காலேஜ்ல படிச்சதைவிட விமானம் ஓட்டக் கத்துக்கொடுக்குத கிளப்ல நின்ன நேரந்தான் ஜாஸ்தி. ஐம்பத்தொண்ணுல லைசென்ஸ் வாங்கிட்டா. ஊருக்கு வந்தா. ஒருத்தருக்கும் தெரியாது, பாத்துக்கிடுங்க. மில்லுக்கு நெல்லு கொண்டாந்த வண்டிக்காரன் என்கிட்ட சொல்லித்தான் எனக்கே தெரியும். மறுநாளே போய் நின்னேன். பேட்டி கேட்டேன்.

'எதுக்கு எழுதணும்? இன்னும் நான் ஒண்ணும் செய்யலையே'ன்னா.

பாருங்க, அந்தப் பேச்சு. எப்பவுமே அப்படித்தான். நான் எழுதினேன். மூணு பத்தி, போட்டோவோட. ஒரே வாரத்துல மந்திரிமாரெல்லாம் பேசுதாங்க, பள்ளிக்கூடத்துல கூப்பிட்டு மாலை போடுதாங்க. ரெண்டு வருஷத்துல எனக்கே கட்டிக் கொடுத்தாரு பிள்ளைவாள். 'மாப்பிள்ளை, அவ பேச மாட்டா, நீங்க பேசுங்க'ன்னாரு. இன்னைக்கும் அந்த வார்த்தையை மறக்கலை. நான் பேசினேன்.

ஐம்பத்தி நாலுல அவ மெட்ராஸ்லேருந்து விமானத்துலயே பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கினா. கூட்டம்னா கூட்டம். விமானத்துக்கு ஆரத்தி எடுத்தாங்க அண்ணாச்சி. ஒரு பொம்பளை றெக்கையில விபூதி பூசிட்டா. அதெல்லாம் நான் எழுதினது இருக்கு. அப்புறம் அம்பாசமுத்திரம் தேரோட்டத்தும்போது தேருக்கு மேல ரெண்டு சுத்து சுத்தினா, அதுக்குப் பெட்டிஷன் போட்டுட்டானுவ. சாமிக்கு மேல எப்படிப் பறக்கலாம்னு. சுத்தச் சொன்னது நான்தான், போட்டோவுக்கு நல்லா இருக்கும்னு. ஆனா மன்னிப்பு அவதான் கேட்டா. ஓட்டினவ அவதானே, அதுதானே முறை?

கண்டக்டரே, அந்த வண்டி நிக்காமப் போறான் பாருங்க. கையைக் காட்டுங்க. சரி, விடுங்க. அடுத்தது வரும்.

எங்க விட்டேன்? டெல்லி. ஐம்பத்தாறு கடைசியில கோயமுத்தூர்ல வெங்கிடுபதி நாயுடுன்னு ஒரு மில் முதலாளி ஒரு அறிவிப்பு விட்டாரு. தமிழ்நாட்டுப் பொம்பளை ஒருத்தி, தெக்குக் கோடியிலேருந்து டெல்லிக்கு ஒரே பகல்ல, தனியா விமானம் ஓட்டிட்டுப் போனா, தங்கக் கோப்பை. அது போக, ஓட்டிட்டுப் போற விமானமே அவளுக்குச் சொந்தம். அந்தக் காலத்துல விமானம் ஓட்டுத தமிழ்ப் பொம்பளை எத்தனை பேரு? அவளை மனசுல வச்சுதான் அறிவிச்சாரு. அறிவிக்கச் சொல்லி நாலு காயிதம் எழுதினது யாருன்னு நினைக்கீங்க?

அவளுக்குக் கோப்பை மேல ஆசை கிடையாது. விமானத்து மேல ஆசை. சொந்தமா ஒண்ணு இருந்தா யாருகிட்டயும் கேக்க வேண்டாம்லா. அஞ்சு மாசம் வரைபடத்தை விரிச்சுப் போட்டு உக்காந்திருந்தா. பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், மூணு எடத்துல பெட்ரோல் போடணும். ஒவ்வொரு எடத்துலயும் இருபத்தஞ்சு நிமிஷம். காத்து எதிர்க்காம இருந்தா சாயந்திரம் ஆறேகாலுக்கு டெல்லி. அங்க மே மாசக் கடைசியில ஏழு பன்னெண்டுக்குத்தான் அஸ்தமனம். கையில ஒரு மணி நேரம் இருக்கும். கணக்கெல்லாம் சரியாப் போட்டா. சோத்துல கை வச்சுக்கிட்டே ஏதாவது ஊர்ப் பேரை முணுமுணுப்பா. நான் தலைப்பு யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

அந்த மே மாசம், விடியக்காலம், இதே எடம். தாசில்தாரு கையில கடியாரத்தோட நிக்காரு. நாயுடு ஆளு நிக்கான். இவ ஒரு டப்பாவுல எலுமிச்சங்காய் சோறும், ஒரு கூஜா மோரும் எடுத்துக்கிட்டா. ரெண்டு சீட்டு விமானம், பக்கத்துச் சீட்டுல அந்தக் கூஜாதான். ஆறு மணி ரெண்டு நிமிஷத்துக்குக் கிளம்பினா. என்னைப் பாத்துக் கையசைக்கலை. முன்னாலதான் பாத்தா. அதை மட்டும் நான் கொஞ்சம் மாத்தி எழுதினேன்.

இப்பம் கேளுங்க. பத்திரிகைக்கு வெளியூர்ப் பதிப்பு சாயந்திரத்துலயே அச்சுக்குப் போயிரும். அஞ்சு மணிக்கு நான் போன்ல சேதியைக் கொடுத்துட்டேன். 'தன்னந்தனியாக ஒரே பகலில் டெல்லி சேர்ந்தார் தமிழ்ப்பெண்.' அஸ்தமனத்துக்கு எத்தனை நிமிஷம் முன்னாலங்கிறதுக்கு மட்டும் இடம் விட்டுக் கொடுத்தேன். எல்லா நிருபரும் அப்படித்தான் செய்வாங்க. நாக்பூரைத் தாண்டிட்டான்னு தந்தி வந்தாச்சு. அதுக்கு மேல என்ன ஆயிரப் போகுது?

ஏழு ஆறுக்கு இறங்கினா. அஸ்தமனத்துக்கு ஆறு நிமிஷம் முன்னால. இடம் விட்டதுல 'ஆறு'ன்னு போட்டாங்க, அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் கையில இருந்ததுல்லா, அது எங்க போச்சுன்னு நான் கேக்கலை. எதுக்குக் கேக்கணும்? ஜெயிச்சாச்சு.

டெல்லியில மாலை, மந்திரி வீட்டுல டீ. எல்லாப் பாஷைப் பத்திரிகையிலயும் போட்டோ. ஆறு நாள் கழிச்சு ரயில்ல மெட்ராசுக்கு வந்தா. நான் சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். அங்கயும் ஒரு கூட்டம். விருந்துக்குக் கூப்பிட்டிருந்தாங்க, அதுக்கு முன்னால ஓட்டல் ரூம்ல முகம் கழுவ வந்தா. கதவைச் சாத்தினா. அப்பந்தான் சொன்னா.

நாக்பூர் தாண்டி ரெண்டரை மணி நேரத்துல மண்காத்து. வானம் செங்கல் பொடி மாதிரி ஆயிட்டுதாம். கீழ ஒண்ணும் தெரியலை. கையகலம் ஒரு காஞ்ச நிலம் தெரிஞ்சிருக்கு, இறக்கிட்டா. இறங்கின அதிர்வுல திசைகாட்டி உடைஞ்சு போச்சு. காத்து அரை மணி நேரத்துல நின்னுட்டுது. ஆனா தூசி அப்படியே தொங்குது. எந்தப் பக்கம் வடக்கு? சூரியனே தெரியலை. சுத்துவட்டாரத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. அப்பம் ஒரு வயசான மனுசன் வரப்பு மேல நடந்து வந்திருக்காரு. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாரு. கரண்தீன் சுக்லான்னு பேரு. இவளுக்கு இந்தி தெரியும், பரீட்சை எல்லாம் எழுதியிருக்கா.

அந்த மனுசன் சொன்னாராம், 'மகளே, நான் ஜனத்தொகைக் கணக்கு எடுக்கதுக்காக இந்த ஜில்லா முழுக்க நடந்தவன். ரயில் தண்டவாளம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். வாயால சொன்னா உனக்குப் புரியாது. என்னைக் கூட்டிட்டுப் போ.'

ஏத்திட்டா. செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு ஏறினாராம். கூஜாவை மடியில வச்சுக்கிட்டாராம். தாழப் பறந்து, ஒரு ஓடை, ஒரு பாழடைஞ்ச கோட்டைன்னு ஒவ்வொண்ணா விரலால காட்டிக் கொண்டுபோய்த் தண்டவாளத்துல சேத்துட்டாரு. இருபது நிமிஷம். அப்புறம் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சின்ன ஸ்டேஷன் பக்கத்து மைதானத்துல அவரை இறக்கி விட்டுட்டு, தண்டவாளத்தைப் பாத்துக்கிட்டே ஆக்ரா, அங்கேருந்து டெல்லி.

'தனியாப் போகலைங்க நான்'னா. 'நாயுடுகிட்ட சொல்லிருங்க.'

நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. ரெண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்ல இருபது நிமிஷம். அந்த ஆளு விமானத்தையா ஓட்டினாரு? கையைக் காட்டினாரு. நான் சொன்னேன், 'ஆவுடை, வழி கேட்டுப் போறது ஒரு குத்தமா? கல்யாணத்துக்குப் போறவன் தெருவுல நாலு பேருகிட்ட வழி கேக்கான், அதுக்காகக் கூட்டமாப் போனான்னா சொல்லுவாங்க? சேதி வந்தாச்சு. அச்சுல வந்ததை எப்படி அழிக்கிறது?' அவ பதினோரு மணி நேரத்துக்கு மேல ஓட்டின களைப்பு, ரயில் களைப்பு. கட்டில்ல உக்காந்து தரையையே பாத்துக்கிட்டு இருந்தா. வெளிய கதவைத் தட்டுதாங்க. 'சரி'ன்னா. அந்தச் 'சரி'யை அவதான் சொன்னா. அதை எழுதி வச்சுக்கிடுங்க. என்னை மட்டும் குத்தம் சொல்ல முடியாது.

இந்த வெயிலைப் பாத்தீங்களா. பத்து மணிக்கே. நிழல் நகந்துட்டுது, இந்தப் பக்கம் வாங்க.

அதுக்கப்புறம் அவளுக்குப் பேச்சே கொறைஞ்சு போச்சு. பாராட்டுக் கூட்டம்னா போவா, மாலையை வாங்குவா, மைக்கு முன்னால 'நன்றி'ன்னு சொல்லிட்டு உக்காந்துருவா. அடக்கம்னு நான் எழுதினேன். தூக்கம் கிடையாது. வீட்டுக்குள்ளயே நடப்பா. கோப்பையை நாயுடு செப்டம்பர்ல மதுரையில பெரிய விழா வச்சுக் கொடுக்கதா ஏற்பாடு.

ஜூலையில ஒரு காயிதம் வந்துது. அவ பேருக்கு வார தபாலெல்லாம் நான்தான் பிரிப்பேன், தினம் ஐம்பது வரும்லா. இது இந்தி. அவ அப்பம் மெட்ராசுக்குப் போயிருந்தா. பாளையங்கோட்டையில இந்தி பண்டிட் ஒருத்தர்கிட்ட கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னேன். அந்த வாத்தியாருதான். விமானத்துல போனேன்னு ஊர்ல சொல்லியிருக்காரு. ஒருத்தரும் நம்பலை. அவர் ஏறினதைப் பாத்த ஆளு யாரும் இல்லைல்லா. பின்னால அங்கயும் பத்திரிகை வந்திருக்கு, 'தன்னந்தனியாக'ன்னு. அதுலேருந்து பிள்ளைங்க அவரைக் கண்டா கையை றெக்கை மாதிரி விரிச்சுக்கிட்டு ஓடுதுகளாம். யாரோ ஒருத்தன் மேலதிகாரிக்குப் பெட்டிஷன் போட்டிருக்கான், பொய் சொல்லுத வாத்தியாரு பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுப்பாருன்னு. விசாரணைக்குக் கூப்பிட்டுருக்காங்க. 'உன் கையால ரெண்டு வரி எழுதி அனுப்பு மகளே, வேற ஒண்ணும் வேண்டாம்'னு எழுதியிருந்தாரு.

பாவம்தான். ஆனா எழுத்துல கொடுத்தா என்ன ஆகும்? விழாவுக்கு ரெண்டு மாசம் இருக்கு. நான் பண்டிட்டை வச்சே பதில் போட்டேன். மரியாதையாத்தான். 'திருமதி ஆவுடையம்மாள் அவர்களுக்கு அப்படி ஒருவரைச் சந்தித்ததாக நினைவில்லை. தங்கள் நலம் விரும்புகிறார்.' 'நலம் விரும்புகிறார்'ங்கிறதை நான்தான் சேக்கச் சொன்னேன். பண்டிட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாரு. அவருக்குப் பத்திரிகைத் தொழில் பத்தி என்ன தெரியும்?

எங்கேயோ வடக்க ஒரு மூலையில ஒரு வாத்தியாரை நாலு பேரு பொய்யன்னு சொன்னா நமக்கென்ன அண்ணாச்சி? இங்க ஒரு ஜில்லாவோட மானமே இருக்கு.

ஆகஸ்டு கடைசியில ஒரு கார்டு வந்துது. நான் ஆபீசுக்குப் போயிருந்த நேரம். தபால்காரன் அவ கையில கொடுத்துட்டான். நான் சாயந்திரம் வந்தப்பம் அவ அடுக்களை வாசல்ல நிக்கா, கையில அந்தக் கார்டு.

'இதைப் படிக்கேன், கேளுங்க'ன்னா. அவளே தமிழ்ல மாத்திச் சொன்னா. 'மகளே, உனக்கு நினைவில்லை என்று எழுதியிருந்தாய். அந்த வெயிலில் யாருக்கும் நினைவு தப்பும். விசாரணையில் நான் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டு விட்டேன், அதனால் வேலை போகாமல் தப்பியது. நீ கொடுத்த மோர் நன்றாக இருந்தது. அதை மட்டும் யாரிடமும் பொய் என்று சொல்லவில்லை.'

படிச்சுட்டு, 'நான் எப்பம் எழுதினேன்?'னு கேட்டா.

நான் வெவரத்தைச் சொன்னேன். விழா, கோப்பை, விமானம், அவ எதிர்காலம், எல்லாம். அவ சத்தம் போடலை. அழலை. 'அவரு எனக்காகப் பொய்யன்னு கையெழுத்துப் போட்டுட்டாருங்க'ன்னா. அதையே ரெண்டு மூணு தடவை சொன்னா. நான் சாப்பாடு போடச் சொன்னேன். போட்டா.

விழாவுக்கு முன்னாலயே சொல்லியிருந்தா நான் ஏதாவது செஞ்சிருப்பேன். ஒரு வார்த்தை சொல்லலை. பதினஞ்சு நாள் என்கூடவே இருந்து, பட்டுச்சேலை எடுக்க வந்து, மதுரைக்கு ரயில்ல என் பக்கத்துலயே உக்காந்து வந்து, எல்லாம் பண்ணிட்டு, அங்க மேடையில வச்சு.

நாயுடு கோப்பையைத் தூக்கிக் கையில கொடுத்தாரு. கைத்தட்டல். அவ அதைக் கீழ வச்சா. மைக்கைப் பிடிச்சா. நான் வழக்கம்போல 'நன்றி'ன்னு எழுதத் தயாரா இருந்தேன்.

'இது எனக்கு உரியது இல்ல. நான் தனியாப் போகலை. கரண்தீன் சுக்லான்னு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்கூட இருபது நிமிஷம் வந்தார். அவர் வழி காட்டலைன்னா நான் டெல்லி போயிருக்க மாட்டேன். அவர் பொய் சொல்லலை. நாலு மாசமா நான்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.' அவ்வளவுதான். ஒரு நிமிஷங்கூட இருக்காது. பேசாத பொம்பளை, அன்னைக்குப் பேசிட்டா.

பின் வரிசையில ஒரு கைப்பிள்ளை அழுதது மேடை வரைக்கும் கேட்டுது. நாயுடு முகம் கறுத்துப் போச்சு. கோப்பையை அவரே எடுத்துக்கிட்டு எறங்கினாரு. விமானமும் போச்சு.

அன்னைக்கே பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டாரு. 'குத்தாலிங்கம், நீர் தெரிஞ்சு எழுதினீரா, தெரியாம எழுதினீரா?' என்ன சொல்லச் சொல்லுதீங்க? தெரியாதுன்னேன். எழுதிக் கொடும்னாரு. எழுதிக் கொடுத்தேன், 'இந்த விவரம் என்னிடமிருந்தும் மறைக்கப்பட்டது'ன்னு. எழுதினப்பம் எனக்குத் தெரியாதுதானே? அஞ்சு மணிக்குச் சேதி கொடுக்கும்போது எனக்கு என்ன தெரியும்? அந்த அர்த்தத்துல அது உண்மைதான். ஆனா அவங்க கொட்டை எழுத்துல போட்டானுவ. 'கணவரிடமும் மறைத்த விமானி.' அந்தத் தலைப்பு நான் கொடுத்தது இல்ல. சத்தியமா.

அதுக்கப்புறம் கேக்கணுமா. கூடப் போனவன் யாரு, இருபது நிமிஷமா ரெண்டு நாளா, எந்த ஊருல இறங்கினாங்க. ஒரு பத்திரிகைக்காரன் அந்தக் கெழவருக்கு முப்பது வயசுன்னு எழுதினான். நானும் ஒருநாள் கேட்டேன், 'அந்த ஆளு நெசமாவே வயசானவருதானா?'ன்னு. சும்மா ஒரு தெளிவுக்கு. அவ என்னைப் பாத்த பார்வை இருக்கே. சரி, அது எதுக்கு.

ஆனா ஒண்ணு சொல்லுதேன், நீங்க நம்ப மாட்டீங்க. அவளைத் திட்டி வந்த பேப்பரை எல்லாம் அவ தேடித் தேடி வாங்கினா. கத்தரிக்கோலை வச்சுக்கிட்டு உக்காந்து வெட்டுதா. நான் பதறிப் போனேன், என்னமோ செஞ்சுக்கிடப் போறான்னு. பாத்தா, எல்லாத்தையும் ஒரு பெரிய கவர்ல போட்டு அந்த வாத்தியாருக்கு அனுப்புதா. தமிழ்ப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர், எல்லாம். இந்தியில மேல ஒரு காயிதம். 'என்னை ஏமாத்துக்காரின்னு எழுதியிருக்கிற ஒவ்வொண்ணுலயும் நீங்க விமானத்துல வந்ததும் இருக்கு. மேலதிகாரிகிட்ட காட்டுங்க.' அன்னைக்கு அவ முகத்துல ஒரு சந்தோசம் பாத்தேன் அண்ணாச்சி. டெல்லி போட்டோவுல கூட அது கிடையாது.

அந்த ஆளு அதைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடச் சுவத்துல ஒட்டியிருக்காரு. பெட்டிஷன் தள்ளுபடி. பதில்ல எழுதியிருந்தாரு, பிள்ளைங்க இப்பவும் றெக்கையை விரிச்சுக்கிட்டுத்தான் ஓடுதுகளாம், ஆனா அவருக்குப் பின்னால வரிசையா.

ரெண்டு மாசத்துல அவ கிளம்பிட்டா. சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. ஒரு டிரங்குப் பெட்டி. 'பருத்திக்கு மருந்து அடிக்கிற விமானம் ஓட்ட ஆள் வேணுமாம், போறேன்'னா. 'எப்பம் வருவே?'ன்னேன். 'மருந்து அடிச்சு முடிச்சதும்'னா. ஒரு ஊர்ல முடிஞ்சா இன்னொரு ஊர்ல ஆரம்பிக்கும். அப்படித்தான் வரலை. நானும் கூப்பிடலை. கூப்பிட்டா வந்திருப்பான்னுதான் நினைக்கேன். ஆனா பொண்டாட்டிதானே முதல்ல எழுதணும்?

ஜாக்கி வந்துட்டுதா? ஆமா, அந்தப் பச்சை பஸ்காரன் கொடுத்துட்டான். இன்னும் பத்து நிமிஷம்.

இருங்க, முடிச்சிருதேன். ஐம்பத்தொன்பது மே மாசம். கோவில்பட்டிப் பக்கம் கரிசல்ல பருத்திக்கு மருந்து அடிச்சிருக்காங்க, அவதான் ஓட்டுதா. எனக்குத் தெரியாது. பதினேழு மைலு தூரத்துல நான் இருக்கேன், ஒரு வாரமா அவ இங்க, இந்தா இந்தத் தளத்துல, கூடாரம் போட்டு இருந்திருக்கா. ஒரு சொல் சொல்லி விடலை. சீசன் முடிஞ்சதும், கம்பெனிக்காரன் விமானம் ஒண்ணை டெல்லியில கொண்டுபோய்ச் சேக்கணும்னிருக்கான். ஒத்தைச் சீட்டு விமானம். இவ, நான் கொண்டு போறேன்னுட்டா.

தாசில்தாரு கிடையாது, நாயுடு கிடையாது, மாலை கிடையாது. விடியுதப்பம் கிளப்பிட்டா. அதே பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர். மண்காத்து அன்னைக்கும் அடிச்சிருக்கு, சுத்திப் போயிருக்கா. வாத்தியாரு ஊருக்கு மேல போகையில தாழ எறக்கி ரெண்டு றெக்கையையும் ஆட்டினாளாம். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பின்னால, கம்பெனி மெக்கானிக் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். அஸ்தமனத்துக்கு இருபது நிமிஷம் முன்னால டெல்லியில இறங்கிட்டா.

மறுநாள் காலைல பத்து மணி இருக்கும். நான் ஆபீஸ்ல இருக்கேன். டெல்லியிலேருந்து டிரங்க் கால்னாங்க. எனக்கு டெல்லியில யாரு இருக்கா? எடுத்தேன். ஒரே இரைச்சல்.

'நான் ஆவுடை பேசுதேன்.'

ஒண்ணரை வருஷம் கழிச்சு. 'சொல்லு'ன்னேன்.

'நேத்து கயத்தாத்துலேருந்து கிளம்பி அஸ்தமனத்துக்குள்ள டெல்லி வந்துட்டேன். இந்தத் தடவை தனியா. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு.'

பென்சிலைக் கூட எடுத்துட்டேன் அண்ணாச்சி. பழக்கம். எத்தனை மணிக்குக் கிளம்பினே, எத்தனை மணிக்கு இறங்கினேன்னு கேட்டேன், சொன்னா, குறிச்சேன். நல்ல சேதி. பழைய பேரையெல்லாம் கழுவிரலாம், எனக்கும் ஆபீஸ்ல மறுபடி ஒரு மதிப்பு வரும். ஆனா இந்தத் தடவை நான் ஏமாறக் கூடாதுல்லா. அதனால ஒரு நிருபர் கேக்க வேண்டியதைத்தான் கேட்டேன்.

'யாரு சாட்சி?'

அவ சொன்னா, கோவமா எல்லாம் இல்ல, சாதாரணமாத்தான் சொன்னா. 'சாட்சி இருந்தா அது எப்படிங்க தனியாப் போனதாகும்?'

நான் பதில் சொல்லுததுக்குள்ள லைன் போயிட்டுது. டிரங்க் கால்னா மூணு நிமிஷம், அதுக்கு மேல அவங்களே துண்டிச்சிருவாங்க. தெரியும்லா உங்களுக்கு? எக்ஸ்சேஞ்சுல கேட்டேன். 'ரெண்டு நிமிஷங்கூட ஆகலை சார், அந்தப் பக்கம் வச்சுட்டாங்க'ன்னான். அவன் புது ஆளு. அவனுக்கு என்ன தெரியும். மூணு நிமிஷம் ஆகியிருக்கும்.

விசில் ஊதுதான். ஏறுங்க அண்ணாச்சி, நீங்க ஜன்னல் பக்கம் இருந்துக்கிடுங்க. நான் நின்னுக்கிடுதேன்.